ஸ்டடி சர்க்கிளா, வெபினாரா, டிப்ளமாவா: ஆடிட் அலுவலகம் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்

ஒரு நடுத்தர ஆடிட் அலுவலகத்தின் மேசைக்கு 2024 முதல் வந்து விழுந்தவற்றை அடுக்கிப் பார்த்தாலே மூச்சு வாங்கும். சிறு, குறு நிறுவனங்களுக்கு எம்எஸ்எம்இ சட்டக் கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால் அந்த ஆண்டில் செலவே ஏறாது என்ற வருமான வரிச் சட்டப் பிரிவு 43பி(எச்) முதன்முதலில் கணக்கில் வந்தது. கம்பெனி அல்லாத நிறுவனங்களுக்கும் எல்எல்பிக்களுக்கும் (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனங்கள்) பட்டயக் கணக்காளர் கழகமான ஐசிஏஐ வகுத்த புதிய நிதிநிலை அறிக்கை வடிவம், 2024 ஏப்ரல் 1-இலோ அதற்குப் பிறகோ தொடங்கும் ஆண்டுகளுக்கு வந்தது. 2024 அக்டோபரில் ஜிஎஸ்டி போர்ட்டலில் ஐஎம்எஸ் என்ற இன்வாய்ஸ் மேலாண்மை வசதி. 2025 ஏப்ரலில் கூட்டு நிறுவனங்களின் பங்குதாரர் (பார்ட்னர்) சம்பளம், வட்டி மீது டிடிஎஸ் (மூலத்திலேயே பிடிக்கும் வரி). 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகித மாற்றம். நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள். 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டமே புதிது.

ஒவ்வொன்றுக்கும் பயிற்சி விற்க ஆள் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் நாளைக்கு நாலு போஸ்டர். பணம் கட்டுவதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைப் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சிபிஇ (ஐசிஏஐ உறுப்பினருக்குக் கட்டாயமான தொடர்கல்வி) மணி நேரம் சேர்ப்பது ஒன்று, அலுவலகம் சரியாக வேலை செய்யக் கற்பது வேறொன்று. முதலாவது உறுப்பினரின் கடமை, அதை அவரேதான் செய்தாகவேண்டும். இரண்டாவது, வவுச்சரைப் பதிகிறவர் வரை போய்ச் சேரவேண்டியது. ஒரே கட்டணத்தில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று நினைக்கும் அலுவலகங்களில் பார்ட்னரிடம் சிபிஇ சான்றிதழ் கத்தையாக இருக்கும், டிடிஎஸ் வட்டியும் வருடா வருடம் போய்க்கொண்டிருக்கும்.

எது மாறியது என்று பார்த்துவிட்டுத்தான் வகுப்பு

பயிற்சியின் வகையைத் தீர்மானிக்கவேண்டியது மாற்றத்தின் வகை. பேச்சாளரின் பெயரையோ கட்டணத்தையோ பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சில மாற்றங்கள் பெரும்பாலும் வாசக மாற்றங்கள். வருமான வரிச் சட்டம் 2025-இல் 536 பிரிவுகள், 16 அட்டவணைகள். 44ஏபி-யில் இருந்த வரித் தணிக்கை பிரிவு 63-க்குப் போயிருக்கிறது. 80சி இப்போது 123. புதிய வரி முறையான 115பிஏசி, பிரிவு 202 ஆகிவிட்டது. சம்பள டிடிஎஸ் 392-இல், மற்றவை பெரும்பாலும் 393-இன் அட்டவணைகளில். முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் கணக்கு போய் 'வரி ஆண்டு' வந்திருக்கிறது. இதைக் கற்க இரண்டு நாள் கருத்தரங்கு வேண்டாம். அலுவலகத்தில் இருக்கும் மாதிரிக் கடிதங்கள், டிடிஎஸ் சார்ட், தணிக்கைச் செக்லிஸ்ட், நிர்வாகத்திடம் வாங்கும் உறுதிமொழிக் கடிதம் எல்லாவற்றையும் எடுத்து மேசைமேல் போட்டு, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதும் வேலைதான் வேண்டும். இரண்டு ஆர்ட்டிகிள்ஸ் (சிஏ பயிற்சி மாணவர்கள்) சேர்ந்தால் இரண்டு மூன்று நாளில் முடியும்.

பழைய எண்ணை அழித்துவிடக் கூடாது. 2025–26 வருமானத்துக்கு 2026-இல் போடும் ரிட்டர்ன் பழைய சட்டத்தின் கீழ், 2026–27 மதிப்பீட்டு ஆண்டாகவே போகும். அதே மாதத்தில் பிடிக்கும் டிடிஎஸ் புதிய சட்டத்தில். பழைய ஆண்டுகளுக்கு வரும் நோட்டீஸும் அப்பீலும் பழைய சட்டத்தில்தான் ஓடும். ஆகவே இன்னும் பல ஆண்டுகளுக்கு இரண்டு சட்டமும் ஒரே அலமாரியில் இருக்கும். 'புதிய சட்டம் முழுமையான பயிற்சி' என்று விற்கப்படும் வகுப்புகளில் இந்த இடைக்காலத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அரை மணி நேரம்கூட இல்லையென்றால் அந்த வகுப்பு பிரிவு எண்களை வாசித்துக் காட்டப்போகிறது.

இன்னொரு ரகம் செய்முறை மாற்றம். ஐஎம்எஸ் இதற்கு நல்ல உதாரணம். சப்ளையர் போட்ட இன்வாய்ஸை ஏற்கலாம், நிராகரிக்கலாம், நிலுவையில் வைக்கலாம். எதுவும் செய்யாமல் விட்டால் 14-ஆம் தேதி 2பி (உள்ளீட்டு வரிப் பட்டியல்) உருவாகும்போது ஏற்றதாகவே எடுத்துக்கொள்ளும். இதை எந்த ஸ்லைடும் சொல்லிவிடும். கிரெடிட் நோட்டை (பில் தொகையைக் குறைத்துச் சப்ளையர் தரும் குறிப்பு) தவறாக நிராகரித்தால் அந்த வரி சப்ளையரின் தலையில் ஏறி, அவர் போன் செய்து சண்டை போடுவார் என்பதைத் திரையில் பொத்தானை அமுக்கிக் காட்டினால்தான் பதிகிறவருக்கு உறைக்கும். இந்த ரகத்துக்குப் பேச்சு உதவாது, திரைதான் வேண்டும்.

மூன்றாவது, கணிப்பு கேட்கும் மாற்றங்கள். தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் 'ஊதியம்' என்பதற்குப் புதிய வரையறை. விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேரும். அதனால் கிராஜுவிட்டி பொறுப்பு ஏறும். ஏறிய தொகை கடந்த காலச் சேவைச் செலவா, இந்த ஆண்டே முழுக்க இலாப நட்டக் கணக்கில் அடிக்கவேண்டுமா? பெரிய கம்பெனிகளுக்கான இண்ட் ஏஎஸ் கணக்கியல் தரநிலை 19-இல் உடனே அடிக்கவேண்டும். மற்றவர்களுக்கான ஏஎஸ் 15-இல் உரிமை உறுதியான பகுதி உடனேயும், உறுதியாகாத பகுதி உறுதியாகும் காலம் முழுக்கப் பரவியும் வரும். ஆக்சுவரி (இந்தப் பொறுப்பைக் கணக்கிடும் நிபுணர்) எந்த அனுமானத்தில் கணக்குப் போட்டார் என்று ஆடிட்டர் கேட்கவேண்டும். இதற்குச் சின்னக் குழுவும், எண்களோடு ஒரு கேஸும், எதிர்வாதம் செய்ய ஆளும் வேண்டும்.

இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டு கடையில் கிடைப்பவற்றைப் பார்ப்போம்.

ஸ்டடி சர்க்கிளும் கிளைக் கூட்டமும்

சென்னையில் ஐசிஏஐ-யின் தென்னிந்திய வட்டாரக் கவுன்சில், கோவை, மதுரை, திருச்சி, சேலம், ஈரோடு, திருப்பூர், நெல்லை, தூத்துக்குடி, சிவகாசி, வேலூர், கும்பகோணம் என்று கிளைகள், அவற்றையொட்டி ஸ்டடி சர்க்கிள்கள் என்ற உறுப்பினர் படிப்புக் குழுக்கள். மாலையில் இரண்டு மூன்று மணி நேரம், அல்லது சனிக்கிழமை முழு நாள். கட்டணம் குறைவு, சிபிஇ மணி நேரம் ஸ்ட்ரக்சர்ட் (அங்கீகரித்த வகுப்பில் கற்கும் நேரம்) கணக்கில் சேரும்.

இதன் உண்மையான பலம் பேச்சாளரைவிட அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள். உள்ளூர்த் தொழிலின் கேள்விகள் அங்கேதான் வரும். 2025 செப்டம்பரில் ஆயத்த ஆடைக்கு 5 சதவீத வரம்பு ஒரு பீஸுக்கு 1,000 ரூபாயிலிருந்து 2,500 ரூபாய்க்கு ஏறி, அதற்கு மேல் 18 சதவீதம் ஆனபோது, திருப்பூரில் கேட்கப்படும் கேள்வியும் சிவகாசியில் கேட்கப்படும் கேள்வியும் ஒன்றாக இருக்க முடியாது. ஒரு நோட்டீஸுக்கு உள்ளூர் அலுவலகம் என்ன பதிலை ஏற்கிறது, எந்தக் காகிதத்தைக் கேட்கிறது என்பதும் தேநீர் இடைவேளையில்தான் தெரியவரும்.

பலவீனமும் தெரிந்ததே. 90 ஸ்லைடு, இரண்டு மணி நேரம், கேள்விக்குக் கடைசி ஐந்து நிமிடம், அதற்குள் நன்றியுரை. இதற்கு ஒரு வழி இருக்கிறது. கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால், உங்கள் கேள்வியைத் தேதியும் தொகையும் போட்டு ஐந்து வரியில் ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பிவிடுங்கள். 'ரேட் மாறினால் எந்த ரேட்?' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில் வரும். 'வேலை முடிந்தது செப்டம்பர் 18, பில் 25, பணம் 30' என்று கேட்டால் பேச்சாளர் பிரிவு 14-ஐத் திறந்தே ஆகவேண்டும்.

அந்தப் பிரிவையே பார்ப்போம், ஏனென்றால் நல்ல பயிற்சிக்கும் மோசமான பயிற்சிக்கும் வித்தியாசம் இங்கே பளிச்சென்று தெரியும். சிஜிஎஸ்டி (மத்திய ஜிஎஸ்டி) சட்டம் பிரிவு 14-இல் மூன்று நிகழ்வுகள்: சப்ளை, இன்வாய்ஸ், பணம். மூன்றில் எந்த இரண்டு மாற்றத்துக்கு முன் நடந்தனவோ, அல்லது பின் நடந்தனவோ, அந்தப் பக்கத்து விகிதம். மேலே சொன்ன கேஸில் சப்ளை மட்டும் முன்னால், பில்லும் பணமும் பின்னால், எனவே புதிய விகிதம். சரக்கும் பில்லும் 20-ஆம் தேதி போய், பணம் அக்டோபரில் வந்தால் பழைய விகிதம். இதோடு நிறுத்திவிடும் வகுப்புகள்தான் அதிகம். நல்ல பேச்சாளர் அடுத்த இரண்டு படியும் ஏறுவார். பணம் வந்த தேதி என்பது புத்தகத்தில் வரவு வைத்த நாள், வங்கியில் வரவான நாள் இரண்டில் முந்தியது. ஆனால் விகிதம் மாறிய தேதியிலிருந்து நான்கு வேலை நாள் கழித்து வங்கியில் வரவானால், வங்கி தேதிதான் கணக்கு. செப்டம்பர் 19 சரக்கு நவம்பரில் திரும்பி வந்தால் கிரெடிட் நோட் பழைய விகிதத்தில்தான் போகவேண்டும். டேலி கணக்கு மென்பொருளில் ஸ்டாக் ஐட்டத்தின் விகிதத்தை மாற்றிவிட்ட பதிவாளர் புதிய விகிதத்தில் நோட் போடுவார், ஜிஎஸ்டி ரிட்டர்னான 3பி இடிக்கும்.

இரண்டு நாள் வட்டார மாநாடுகளைப் பற்றி ஒரு வரி போதும். மனிதர்களைப் பார்க்கப் போகலாம், மாற்றத்தைக் கற்கப் போகாதீர்கள்.

வெபினார்

செய்முறை மாற்றத்துக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. பேச்சாளரின் திரை உங்கள் திரையில் தெரியும், பதிவாளரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், பதிவு கிடைத்தால் மறுபடி ஓட்டலாம். ஐசிஏஐ நடத்தும் நேரலைக் கூட்டங்களுக்கும் அதன் டிஜிட்டல் லேர்னிங் ஹப்பில் உள்ள பாடங்களுக்கும் பெரும்பாலும் செலவே இல்லை. தனியார் வெபினாருக்குப் பணம் கட்டும் முன், பதிவு எத்தனை நாள் கிடைக்கும், கேள்விக்கு எழுத்தில் பதில் வருமா என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள். சிபிஇ மணி நேரம் சேருமா என்பதை போஸ்டரை நம்பாமல் ஐசிஏஐ போர்ட்டலில் நிகழ்ச்சி இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்வது நல்லது.

வெபினாரின் பெரிய ஆபத்து அவசரம். பட்ஜெட் அன்றே இரவு எட்டு மணிக்கு வகுப்பு. அன்று பேசப்படுவது மசோதா. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் நிலம், வீட்டு விற்பனைக்கு இண்டெக்சேஷன் (விலைவாசி ஏற்றத்துக்கேற்ப வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிடுவது) போய்விட்டது, இனி 12.5 சதவீதம் என்று சொல்லி எத்தனையோ வகுப்புகள் நடந்தன. ஆகஸ்டில் மசோதா நிறைவேறும்போது, அந்தத் தேதிக்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்தை விற்கும் இந்தியக் குடிவாசித் தனிநபருக்கும் எச்யுஎஃபுக்கும் (இந்து கூட்டுக் குடும்பம்), இண்டெக்சேஷன் இல்லாத 12.5 அல்லது இண்டெக்சேஷனோடு 20 சதவீதம், எது குறைவோ அது என்று மாறிவிட்டது. ஜூலை வெபினாரின் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு டிசம்பரில் வாடிக்கையாளருக்கு வரி சொன்னால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பட்ஜெட் இரவு வகுப்பை வேடிக்கைக்குப் பாருங்கள். அலுவலகப் பயிற்சியைச் சட்டம் கெஜட்டில் வந்த பிறகு வையுங்கள். ஸ்லைடின் முதல் பக்கத்தில் 'இந்தத் தேதி வரை' என்று போடாத பேச்சாளரின் ஸ்லைடைச் சேமித்தே வைக்காதீர்கள்.

இன்னொன்று, ஆறு பேர் சேர்ந்து ஒரே லாகினில் பார்த்தால் சிபிஇ ஒருவருக்குத்தான். கற்பது மட்டும்தான் நோக்கமென்றால் அது ஒரு குறையே இல்லை.

சான்றிதழும் டிப்ளமாவும்

நீண்ட படிப்புகளைப் பற்றி நிறையப் பேருக்கு ஒரு தவறான எதிர்பார்ப்பு: இதைப் படித்துவிட்டால் இனி மாற்றங்களைப் பிடித்துக்கொள்ளலாம் என்று. 2017-இல் இண்ட் ஏஎஸ் படித்தவருக்கு இண்ட் ஏஎஸ் 17 குத்தகைக் கணக்குத் தெரியும். 2019 ஏப்ரல் 1 முதல் அதற்குப் பதிலாக இண்ட் ஏஎஸ் 116 வந்து, குத்தகைதாரரின் புத்தகத்தில் பெரும்பாலான குத்தகைகள் சொத்தாகவும் கடனாகவும் ஏறிவிட்டன. சுவரில் மாட்டிய சான்றிதழ் தன்னைத் திருத்திக்கொள்ளாது.

டிப்ளமா வாங்குவது ஒரு புதிய வேலைப் பகுதிக்குள் நுழைய. தகவல் முறைமைத் தணிக்கைக்கு டிசா, மோசடி விசாரணைக்குத் தடயக் கணக்கியல் படிப்பு, வங்கிக் கன்கரன்ட் ஆடிட் (உடனுக்குடன் நடக்கும் தணிக்கை) சான்றிதழ் ஆகியவை அந்த வேலையைத் தேடிப் போகிறவருக்குப் பயன் தரும். இருக்கும் வேலையைச் சரியாகச் செய்ய மட்டும் இவை மிகையான செலவு.

சென்னையின் பன்னாட்டு நிறுவனச் சேவை மையங்களுக்குப் போக நினைப்பவர்கள் பிரிட்டிஷ் கணக்காளர் அமைப்பான ஏசிசிஏ நடத்தும் டிப்ஐஎஃப்ஆர் (ஐஎஃப்ஆர்எஸ் என்ற சர்வதேசக் கணக்கியல் தரநிலைகளுக்கான டிப்ளமா) பக்கம் பார்ப்பார்கள். ஜூன், டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு, 3 மணி 15 நிமிடம், தேர்ச்சிக்கு 50. வெளிநாட்டுத் தாய் நிறுவனத்துக்கு அறிக்கை அனுப்பும் வேலைக்கு இது நேராக உதவும். இந்தியக் கம்பெனியின் இண்ட் ஏஎஸ் ஆடிட்டுக்கு வாங்கினால் சில இடங்களில் கவனமாக இருக்கவேண்டும். குறைந்த விலைக்கு ஒரு நிறுவனத்தை வாங்கியதில் வரும் ஆதாயம் ஐஎஃப்ஆர்எஸ் 3-இல் இலாபத்தில் போகும். இண்ட் ஏஎஸ் 103-இல் பிற முழுமை வருமானம் (இலாபத்துக்கு வெளியே காட்டப்படும் வருமானம்) வழியாக மூலதன இருப்புக்குப் போகும். ஒரே குழும நிறுவனங்கள் இணைவதற்கு இண்ட் ஏஎஸ் 103-இல் தனியாகப் பின்னிணைப்பு சி இருக்கிறது, ஐஎஃப்ஆர்எஸ் 3 அந்த இணைப்புகளைத் தன் எல்லைக்கு வெளியே விட்டுவிட்டது. டிப்ஐஎஃப்ஆர் வகுப்பில் இந்த விலகல்களை யாரும் சொல்லித் தரமாட்டார்கள், அது அவர்கள் பாடமும் இல்லை.

அலுவலகத்துக்குள் வாரம் முக்கால் மணி நேரம்

செலவில்லாதது என்பதாலேயே மதிப்பில்லாமல் கிடக்கும் வழி இது. கணக்கைப் பாருங்கள். ஆறு பேரை ஒருநாள் கருத்தரங்குக்கு அனுப்பினால் பயணம் நீங்கலாக 42 மனித மணி நேரம். ஒருவரை அனுப்பி, அவர் ஒரு மணி நேரம் குறிப்பு எழுதி, ஆறு பேருக்கும் முக்கால் மணி நேரம் சொன்னால் பன்னிரண்டரை. சின்ன அலுவலகத்துக்குக் கட்டணத்தைவிட நேரம்தான் பெரிய செலவு.

ஆனால் 'மீட்டிங் வைக்கலாம்' என்று வைத்தால் மூன்றாம் வாரமே நின்றுவிடும். நிற்காமல் ஓடும் கூட்டங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம். சொல்கிறவர் வாராவாரம் மாறுவார். அலுவலகத்தின் சொந்த வாடிக்கையாளர் கோப்பு ஒன்றைத் திறந்துதான் பேசவேண்டும். முடியும்போது ஒரு பக்கத்துக்கு மேல் போகாத வேலைத்தாள் ஒன்று கையில் இருக்கவேண்டும்.

பங்குதாரர் டிடிஎஸ்ஸை எடுத்துக்கொள்வோம். வேலைத்தாளில் இவ்வளவு இருந்தால் போதும்: ஒரு பங்குதாரருக்குச் சம்பளம், போனஸ், கமிஷன், வட்டி எல்லாம் சேர்த்து நிதியாண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிக்கவேண்டும். இலாபப் பங்குக்கும் மூலதனத்தைத் திருப்பி எடுப்பதற்கும் இல்லை. மூலதனக் கணக்கில் வரவு வைத்தாலும் பிடித்தாகவேண்டும், பணம் கொடுத்த நாள், வரவு வைத்த நாள் இரண்டில் முந்தியதே கணக்கு. நிறுவனத்துக்கு டேன் (டிடிஎஸ் கட்டத் தேவையான எண்) இருக்கிறதா என்று முதலில் பார்.

இதில் எங்கே வழுக்கும்? செப்டம்பரில் வரித் தணிக்கையின்போதுதான் புத்தக இலாபம் முடிவாகும், அப்போதுதான் சம்பளத்தைக் கணக்கிட்டு மார்ச் 31 தேதியிட்டு என்ட்ரி போடுவார்கள். காலங்காலமாக நடக்கும் பழக்கம். மார்ச் 31 வரவுக்கு டிடிஎஸ் ஏப்ரல் 30-க்குள் கட்டியிருக்கவேண்டும். ஐந்து மாதம் பிந்தினால் பிடிக்காத காலத்துக்கு மாதம் 1 சதவீதம், பிடித்துக் கட்டாத காலத்துக்கு ஒன்றரை சதவீதம் வட்டி. ரிட்டர்ன் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய். அதனால் வேலைத்தாளின் கடைசி வரி சட்டத்தைப் பற்றியதாக இருக்கக் கூடாது: 'ஏப்ரல் 20-க்குள் எல்லாப் பங்குதாரர் நிறுவனத்துக்கும் உத்தேச இலாபம் வாங்கு, சம்பள என்ட்ரி போடு, டிடிஎஸ் கட்டு.' கருத்தரங்கில் இந்த வரி கிடைக்காது, ஏனென்றால் பேச்சாளருக்கு உங்கள் செப்டம்பர் பழக்கம் தெரியாது.

ஆர்ட்டிகிள்ஸுக்கும் இதுவே முக்கியமான வழி. 2023 ஜூலை 1-க்குப் பிறகு புதிய திட்டத்தில் பதிந்தவர்களுக்குப் பயிற்சிக் காலம் மூன்றிலிருந்து இரண்டு ஆண்டாகிவிட்டது. முன்பு மூன்று வரித் தணிக்கைப் பருவங்களைப் பார்த்தவர் இப்போது இரண்டைத்தான் பார்ப்பார். முதல் பருவத்தில் வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று விட நேரமில்லை.

கூட்டம் நடந்த தேதி, தலைப்பு, வந்தவர் கையெழுத்து, வேலைத்தாள் நான்கையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பியர் ரிவ்யூவில் (வேறோர் ஆடிட்டர் உங்கள் அலுவலகத்தைச் சோதிப்பது) ஊழியர் பயிற்சியையும் பார்ப்பார்கள். வாயால் சொன்னால் எடுபடாது.

மூலத்தைத் தானே படிப்பது

வேறெந்தப் பயிற்சியை வாங்கினாலும் இதை விட முடியாது. படிக்கும் வரிசை முக்கியம். ஜிஎஸ்டி கவுன்சிலின் பத்திரிகைக் குறிப்பு சட்டமல்ல. விகித மாற்றத்துக்குக் குறிப்பு வந்தது செப்டம்பர் 3, நோட்டிஃபிகேஷன் 9/2025 வந்தது செப்டம்பர் 17. குறிப்பின் அட்டவணையை வைத்து ஐட்டம் மாஸ்டரை மாற்றியவர்கள் எச்எஸ்என் (சரக்குக் குறியீட்டு எண்) வாரியாக நோட்டிஃபிகேஷனோடு மறுபடி ஒப்பிட்டிருக்கவேண்டும். நோட்டிஃபிகேஷன், பிறகு சர்க்குலர், பிறகு போர்ட்டலின் அறிவிப்பு, கடைசியாக மற்றவர்களின் கட்டுரை. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகப் படிக்கிறார்கள்.

தணிக்கைக்கு என் சிபாரிசு ஒன்று உண்டு, கட்டணமே கிடையாது: ஆடிட்டர்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான என்எஃப்ஆர்ஏ வெளியிடும் ஒழுங்கு நடவடிக்கை ஆணைகள். 2018 அக்டோபரில் தொடங்கிய அமைப்பு. அதன் ஆணைகளில் திரும்பத் திரும்ப வருவது வேலைக் குறிப்புகள் இல்லாமை, கன்ஃபர்மேஷன் (பாக்கித் தொகையை எதிர்த்தரப்பு உறுதிசெய்யும் கடிதம்) வாங்காமை, நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பதை நிர்வாகத்தின் சொல்லை நம்பி விட்டது. எந்தத் தரநிலையின் எந்தப் பத்தி மீறப்பட்டது, ஆடிட்டர் என்ன விளக்கம் சொன்னார், அது ஏன் ஏற்கப்படவில்லை என்று வரிசையாக இருக்கும். லிஸ்டட் கம்பெனி ஆடிட் செய்யாத அலுவலகத்துக்கும் மாதம் ஓர் ஆணை படித்தால் எந்தத் தணிக்கைக் கருத்தரங்கைவிடவும் அதிகம் கிடைக்கும்.

எடிட் லாக் (யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற மென்பொருள் பதிவு) விஷயத்திலும் மூலத்தைப் படித்தவருக்கும் கேள்விப்பட்டவருக்கும் வேறுபாடு தெரிகிறது. கேள்விப்பட்டவர் 'மென்பொருளில் எடிட் லாக் இருக்கிறது' என்று எழுதிவிட்டுப் போவார். கம்பெனித் தணிக்கை விதி 11(ஜி) கேட்பது அதற்கு மேல்: வசதி இருந்ததா, ஆண்டு முழுக்க எல்லாப் பரிவர்த்தனைக்கும் ஓடியதா, யாரும் கைவைத்தார்களா, சட்டம் சொன்ன காலத்துக்குப் பாதுகாக்கப்பட்டதா. ஜூலையில் மென்பொருள் மாற்றிய கம்பெனியில் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான லாக் எங்கே? டேட்டாபேஸில் நேராகப் புகுந்து திருத்தினால் லாக்கில் விழுமா? சம்பளப் பட்டியல் வெளி நிறுவனத்தின் மென்பொருளில் ஓடுகிறதே, அதற்கு யார் சான்று தருவார்? ஐசிஏஐ-யின் அமலாக்க வழிகாட்டி இவற்றையெல்லாம் எடுத்துப் பேசுகிறது, இலவசமாகவே கிடைக்கிறது.

சந்தாச் சேவைகள் தீர்ப்புத் தேடுவதற்கு அவசியம். பயிற்சியாக அவற்றை எண்ணவேண்டாம். தினமும் வரும் மின்னஞ்சலைத் திறக்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்காவிட்டால் அது திறக்கப்படாது. தீர்ப்பின் தலைக்குறிப்பை மட்டும் படித்து அப்பீலில் மேற்கோள் காட்டுவதும் வேண்டாம், பத்தியைத் திறந்து படியுங்கள்.

யார் எதை வாங்கலாம்

இரண்டு பார்ட்னர், நாலைந்து ஆர்ட்டிகிள்ஸ், இரண்டு மூன்று பதிவாளர்கள் உள்ள அலுவலகத்துக்கு: பார்ட்னர்களின் ஸ்ட்ரக்சர்ட் சிபிஇ-யை ஸ்டடி சர்க்கிளிலேயே முடியுங்கள். 60 வயதுக்குக் கீழ் சிஓபி (பிராக்டிஸ் செய்வதற்கான சான்றிதழ்) வைத்திருப்பவருக்கு 2023–25 தொகுதியில் 120 மணி நேரம், அதில் 60 ஸ்ட்ரக்சர்ட், எந்த ஆண்டிலும் 20-க்குக் குறையாமல் என்று இருந்தது. இப்போதைய தொகுதிக்கும் உங்கள் வயது, வகைக்குமான அளவை சிபிஇ போர்ட்டலில் உங்கள் பக்கத்திலேயே பார்க்கலாம். கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை என்பதால் டிசம்பர் அரங்குகள் நிரம்பி வழியும், அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து எதுவும் ஏறாது. நவம்பருக்குள் முடித்துவிடுவது புத்திசாலித்தனம். பணம் கட்டி வாங்கும் பயிற்சியைப் பதிவாளருக்கான திரைவழி வெபினார்களுக்கு ஒதுக்குங்கள். மீதியெல்லாம் வாராந்திரக் கூட்டம். ஜூலை, செப்டம்பர், அக்டோபரில் கூட்டத்தைப் பதினைந்து நிமிடமாகச் சுருக்கலாம், நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்கத் தீபாவளி ஆகிவிடும்.

தனியாகப் பிராக்டிஸ் செய்பவருக்கு உள்கூட்டம் வைக்க ஆள் இல்லை. அதே நிலையில் உள்ள மூன்று நான்கு பேர் சேர்ந்து மாதம் இருமுறை உட்காருவதே வழி. ஒருவர் ஜிஎஸ்டி, ஒருவர் கம்பெனிச் சட்டம், ஒருவர் வருமான வரி என்று பொறுப்பைப் பிரித்துக்கொண்டால் எல்லாவற்றையும் ஒருவரே துரத்தவேண்டியதில்லை. வாடிக்கையாளர் பெயரை மட்டும் மறைத்துவிட்டுப் பேசுங்கள், தொழில் இரகசியம் நண்பர்களிடமும் இரகசியம்தான்.

தொழிற்சாலை, வணிக நிறுவனக் கணக்காளருக்கு நிறுவனத்தின் ஆடிட்டரே மலிவான ஆசிரியர். ஆண்டு முடிவுக்கு இரண்டு மாதம் முன்னால், இந்த ஆண்டு எங்கள் புத்தகத்தில் புதிதாக என்ன வேண்டும் என்று எழுத்தில் கேட்டு, அரை நாள் உட்காருங்கள். வரவேண்டிய தொகையின் வயது வாரிப் பட்டியல், எம்எஸ்எம்இ சப்ளையர் பட்டியல், கிராஜுவிட்டிக் கணக்கு எல்லாம் மார்ச்சிலேயே தயாராகிவிடும்.

டேலி பதிவாளருக்கும் ஜிஎஸ்டி பிராக்டிஷனருக்கும் சிபிஇ கட்டாயம் இல்லாததால் அவர்களைக் குறிவைத்துத்தான் 'நூறு சதவீத வேலை உறுதி' விளம்பரங்கள் ஓடுகின்றன. சேரும் முன் ஒரே சோதனை போதும்: ஒரு முழு மாதத்தின் பில்களைக் கொடுத்து, பதிவிலிருந்து ஐஎம்எஸ் வழியாக 3பி வரை மாணவரையே செய்யவைப்பார்களா என்று கேளுங்கள். ஆசிரியர் செய்வதை வேடிக்கை பார்க்கும் வகுப்புக்கு ஜிஎஸ்டி போர்ட்டலை நடத்தும் ஜிஎஸ்டிஎன் வெளியிடும் கையேடும் காணொளியும் போதும், இலவசம்.

எந்தப் பயிற்சியானாலும் முடிந்த மூன்றாவது வாரம் ஒரு சரிபார்ப்பு வையுங்கள். அந்த மாற்றத்தோடு சம்பந்தப்பட்ட பத்து வவுச்சரை எடுத்துப் பாருங்கள். பத்தில் மூன்று தவறென்றால் ஊழியரைத் திட்டுவதற்கு முன் பயிற்சியின் ரகம் சரியா என்று கேளுங்கள். திரையில் காட்டவேண்டியதைப் பேச்சில் சொல்லியிருப்பீர்கள். கட்டணம் கட்டும்போது நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துப் பில் வாங்க மறக்காதீர்கள். சொந்தப் பெயரில் பில் வாங்கிவிட்டு 18 சதவீத உள்ளீட்டு வரியை விட்டுக்கொடுப்பது ஆடிட் அலுவலகங்களிலேயே அதிகம் நடக்கிறது.